சூமில் பாண் சுடப் பழக்குகிறேன், பொங்கும் நேரத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் எட்டுப் பிள்ளைகளுக்கு, 12 முதல் 15 வயது, சூமில் பழக்குகிறேன். கேக், பிஸ்கட் எல்லாம் நன்றாகப் போனது, பாணுக்கு வந்ததும்தான் சிக்கல். 500 கிராம் கோதுமை மா, 300 மில்லி தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, எல்லோருக்கும் ஒரே அளவு. ஒன்றரை மணித்தியாலம் பொங்க விடச் சொன்னேன். மூன்று பேருடையது பொங்கி வழிந்து ஓவனுக்குள் அமர்ந்துவிட்டது, இரண்டு பேருடையது அசையவே இல்லை. ஒரு பிள்ளை கமராவை அணைத்துவிட்டு அழுதாளாம், தாய் பிறகு சொன்னார். நேரில் என்றால் மாவைத் தொட்டே சொல்லிவிடுவேன், திரையில் என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை அம்மா:
மணிக்கூட்டை விடுங்கோ. அந்த ஒன்றரை மணித்தியாலம் குளிர் நாட்டுக் கணக்கு, நம்முடைய குசினியில் 30 பாகை வெக்கைக்கு ஒரு மணித்தியாலமே சில நாளில் அதிகம். குழைத்த மாவில் ஒரு சின்ன உருண்டையைக் கண்ணாடித் தம்ளரில் அமுக்கி, அதன் மட்டத்தில் ரப்பர் பாண்ட் போடச் சொல்லுங்கள். இரட்டிப்பானதும் தம்ளரைக் கமராவுக்குக் காட்டட்டும், எட்டுப் பேருடையதும் உங்களுக்குத் தெரியும். அசையாத இரண்டும் அநேகமாகச் சுடுதண்ணீர் விட்டதாக இருக்கும், 60 பாகைக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும். கொழும்பில் குழாய்த் தண்ணீரே போதும்.

தெஹிவளை:
அம்மா சொன்னது சரி. இன்னொன்று, வகுப்பை இரண்டு நாளாகப் பிரியுங்கள். வெள்ளி இரவு ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்துக் குழைத்து, மூடி பிரிட்ஜில் வைக்கட்டும், சனி காலை உருட்டி அச்சில் போட்டால் அவசரமே இல்லை. அச்சில் பொங்கியதும் மா தடவிய விரலால் அழுத்தச் சொல்லுங்கள்: குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், மெல்ல அரைவாசி நிரம்பினால் சுடலாம், அப்படியே நின்றால் பிந்திவிட்டது. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து, முகத்தை விட்டுக் கையைக் காட்டச் சொல்வது முக்கியம், நான் அதை விளங்கவே இரண்டு மாதம் ஆனது.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஈஸ்ட் விஷயத்தைக் கேட்டேன், இரண்டு வீட்டிலும் கேத்தல் தண்ணீர்தான் விட்டிருக்கிறார்கள்! அழுத பிள்ளையோடு வியாழன் தனியாக ஒரு தடவை குழைத்துப் பார்க்கப் போகிறேன், அப்புறம்தான் மற்றவர்களுக்கு. தம்ளர் படத்தை வெள்ளி இரவு இங்கே போடுகிறேன்.