ஏல யார்டில் சீட் பெல்ட் சொன்ன கதை

ஏல வண்டியைப் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஸ்டார்ட் பண்ணலாம், சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். முதல் தடவை அந்த நேரத்தையெல்லாம் பெயின்ட் பளபளப்பிலேயே தொலைத்துவிட்டு, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தலையில் கட்டிக்கொண்டவன் நான். அதனால் இந்தத் தடவை நேராக சீட் பெல்ட்டைப் பிடித்தேன். கடைசி வரை இழுத்தால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரிந்துவிடும். கார்ப்பெட்டைக் கழுவுகிறவர்கள் அதுவரை போவதில்லை.

கறை இல்லை. ஆனால் 2016 மாடலில் பெல்ட் இவ்வளவு புதுசாகவா இருக்கும்? அடியில் தைத்திருந்த துணி லேபிளைத் திருப்பினேன்: 2021. பக்கத்து சீட்டிலும் 2021. பின்னால் எல்லாமே 2016. மோதலில் ஏர்பேக் வெடித்தால் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனரும் சேர்ந்து வெடிக்கும். அது ஒரு தடவைதான் வேலை செய்யும், பிறகு மாற்றியே ஆகவேண்டும். முன்னால் மட்டும் புது பெல்ட் என்றால், ஏர்பேக் வெடித்த வண்டியோ என்று சந்தேகம்.

சாவியைத் திருப்பினேன். ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். இங்கே எரியவே இல்லை. விடாமல் எரிந்திருந்தால்கூட அது ஒரு நேர்மை. இது கோளாறைச் சொல்லிவிடாதபடி வாயைப் பொத்திவிட்ட விளக்கு. பானெட் கீலில் பார்த்தால் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உரிந்திருந்தது, பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஏல நிபந்தனையில் 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருக்கும்போது அப்புறம் யாரைக் கேட்பது? ஏலம் கேட்காமல் வந்துவிட்டேன். அந்த வண்டிக்குப் போட்டி என்னவோ பலமாகத்தான் இருந்தது.

*

இது வேறொரு ஏல வண்டி. எனக்கு பானெட்டில் கை வைத்ததுமே சந்தேகம். இளஞ்சூடு. நான் போவதற்கு முன்பே யாரோ எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறிய எஞ்சினில் தெரியும் கோளாறு சூட்டில் மறைந்துவிடும். மறுநாள் யார்டு திறந்ததும் போய் நின்றேன். ஸ்டார்ட் ஆனதும் குபுக்கென்று நீலப் புகை, பத்து விநாடியில் காணோம். வால்வ் சீல் (எஞ்சினுக்குள் ஆயில் கசியாமல் தடுப்பது) வேலை இருக்கும் என்று அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் கேட்டேன். கிடைத்தது. வேலையும் அதேதான்.

*

இன்னொரு வண்டிக்கு நான் ஓபிடி ஸ்கேனரோடு (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) போய்த்தான் ஏமாந்தேன். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை என்று காட்டியது, நம்பிவிட்டேன். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதில் பல சோதனைகள் முடியாமல் நின்றால், சமீபத்தில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த ஆறாம் நாள் எஞ்சின் விளக்கு எரிந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் கோளாறு.