மோரே-சூர்-லுவான் போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம். ஜூன் மாதம் அம்மாவோடு பாரிஸ் போகிறேன், அதில் ஒரு நாளை மோரே-சூர்-லுவான் ஊருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். லுவான் ஆற்றங்கரையில், பழைய கோட்டை வாசல்களோடு இருக்கும் சின்ன ஊர்; ஓவியர் ஆல்ஃபிரட் சிஸ்லி கடைசிக் காலத்தைக் கழித்ததும் 1899-ல் இறந்ததும் அங்கேதான். அந்தப் பாலத்தையும் தேவாலயத்தையும் வேறு வேறு வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார், அதே கரையில் நின்று பார்க்க எனக்குப் பல வருட ஆசை. 1638-ல் அந்த ஊர்க் கன்னியாஸ்திரீகள் செய்யத் தொடங்கிய பார்லி மிட்டாயைப் பற்றிச் சொன்னதிலிருந்து அம்மாவும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பாரிஸின் கார் து லியோன் ரயில் நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, அது சரி. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் அவரால் நடக்க முடியுமா, பஸ் ஏதும் உண்டா? திங்கட்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்குமாமே, அப்படியென்றால் எந்தக் கிழமை நல்லது? அப்புறம், சைவச் சாப்பாடு கிடைக்குமா, கட்டிக்கொண்டு போகட்டுமா?