மனநலப் படிப்பு: போடற காசும் வர்ற காசும்

மனநலப் படிப்புக்கு எவ்வளவு செலவாகும், முடிச்சா எவ்வளவு வரும்னு கேட்டதுக்கு நம்ம பக்கத்து ஆளுங்க புனைபெயர்ல சொன்ன பதில்கள்:

நொய்யல்கரை (கோவை, ஆஸ்பத்திரிப் பக்கம்):
சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னால, படிச்சு முடிச்சா ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட முடியுமான்னு கேளுங்க. பி.எஸ்சி. 3 வருஷம், எம்.எஸ்சி. சைக்காலஜி 2 வருஷம் முடிச்சாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு (மனநலப் பிரச்சினையைச் சோதிச்சுச் சிகிச்சை குடுக்கற உளவியலாளர்) போர்டு மாட்ட முடியாதுங்க. 2017 மனநலச் சட்டம் கேக்கறது, முதுகலைக்கு மேல ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரிச்ச இடத்துல 2 வருஷ முழுநேர கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில்., இல்லீன்னா ஆர்.சி.ஐ. ஏத்துக்கற வேற கிளினிக்கல் படிப்பு. அதுக்கப்புறம் ஆர்.சி.ஐ. பதிவேட்டுல பேர் சேர்த்து சி.ஆர்.ஆர். நம்பர்ங்கற பதிவு எண் வாங்கணும். நம்பர் இல்லாம தொழில் பண்ணினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட விழலாம். அபராதம் சில்லறைக் காசு. நஷ்டம் வேற இடத்துல இருக்கு. ஐ.க்யூ. சோதனை ரிப்போர்ட்டு, மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மதிப்பீடு இதெல்லாம் நம்பர் இருக்கறவங்க மேசைக்குத்தான் போகும்.

எம்.ஃபில். படிப்பை நிறுத்தறதுக்கு முன்னால, சேர்க்கைக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) குடுத்த அவகாசம் 2025-26 வரைக்குந்தான். இனிமே எந்தப் பேர்ல கோர்ஸ் இருந்தாலும், அந்தக் காலேஜுக்கு, அந்தக் கோர்ஸுக்கு, நீங்க சேர்ற பேட்ச்சுக்கு அங்கீகாரம் இருக்கான்னு ஆர்.சி.ஐ. தளத்துலயே பாருங்க. "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்"னு ஆபீஸ்ல சொன்னா பீஸ் கட்டாதீங்க. போன பேட்ச்சோட அங்கீகாரம் உங்க பேட்ச்சுக்குச் செல்லாது.

மஞ்சமண்டி (ஈரோடு, பேங்க் கல்விக்கடன் பிரிவு):
கணக்கு நான் போடறேனுங்க. எம்.எஸ்சி. வரைக்கும் கோவை பாரதியார், சேலம் பெரியார் பல்கலைக்கழகம்னு வீட்டுல இருந்து போய்க்கலாம். கிளினிக்கல் படிப்புக்கு பெரும்பாலும் சென்னை, பெங்களூருன்னு கிளம்பணும். அப்ப ஹாஸ்டலும் சேரும். முழுநேரம் வார்டுல நிக்கணுங்கறதால பக்கத்துல ஒரு வேலை பார்த்துக்கலாம்னு நினைக்கவே வேண்டாம்.

5 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 2.5 லட்சமா ரெண்டு தவணையில வருது. படிப்பு 2 வருஷம், அதுக்கு மேல கடனைத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க 1 வருஷம். அந்த 3 வருஷத்துல வட்டியே 1.25 லட்சம் ஏறிரும். கட்டாம விட்டா அசல் 6.25 லட்சமாகி, 10 வருஷத்துக்கு மாசம் சுமார் 8,260 ரூபா. வட்டியை அப்பப்ப கட்டிட்டே வந்தா தவணை 6,610-லயே நின்னுக்கும். முதல் வருஷம் மாசம் 2,100, அப்புறம் 4,200 கட்டினாப் போதும். இதைக் கவுன்டர்ல யாரும் வலியச் சொல்ல மாட்டாங்க. நாமதான் கேக்கணும்.

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் 1,000 ரூபா இளங்கலையோட நின்னுரும். முதுகலைக் கணக்குல அதைச் சேர்க்காதீங்க.

ஏற்காட்டடிவாரம் (சேலம்):
அஞ்சல் வழியில சைக்காலஜி மலிவா முடிச்சுக்கலாம்னு இன்னும் சொல்லிட்டுத் திரியறாங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. நிறுத்திருச்சு. ஏஜென்ட் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தா பீஸும் போச்சு, வருஷமும் போச்சு.

பனியன்கம்பெனி (திருப்பூர், எச்.ஆர்.):
எல்லாரும் சைக்காலஜியையே சுத்தறீங்க. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) 2 வருஷந்தானுங்க, எந்த டிகிரி முடிச்சவங்களும் சேரலாம். பழைய தொழிற்சாலைச் சட்டம் 49-ம் பிரிவுப்படி 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா தொழிலாளர் நலஅலுவலர் வெச்சே ஆகணும்னு இருந்துச்சு; 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல அது 250 பேராயிருச்சு. நம்ம பக்கம் மில்லும் கார்மென்ட்ஸும் எத்தனைன்னு சொல்லணுமா? ஆனா சேரும்போதே காலேஜ்ல ஒண்ணு கேட்டு எழுதி வாங்கிக்குங்க: இந்தப் பட்டம் தமிழ்நாடு நலஅலுவலர் விதிக்குச் செல்லுமான்னு. மனநல வார்டுல சமூகப்பணியாளர் ஆகணும்னா மட்டும் அதுக்கு மேல தனித்தகுதி வேணும்.

ஆனைமலையோரம் (பொள்ளாச்சி, தனி கவுன்சலிங்):
சொந்தமா ரூம் போடறவங்களுக்கு. ஒரு செஷனுக்கு 700 ரூபா, வாரத்துக்கு 12 பேர் புக்கிங்னு வைங்க. மூணு பேர் வர மாட்டாங்க. முகூர்த்த மாசத்துல இன்னும் குறையும். 9 பேர்னா மாசம் 25,200. வாடகை 7,000, சூப்பர்விஷன் (மூத்த நிபுணர்கிட்ட நம்ம கேஸைப் பத்திப் பேசி வழி கேக்கறது) ரெண்டு தடவைக்கு 3,000, கரண்டு போனு 2,000 போக நிக்கறது 13,200. மஞ்சமண்டி அண்ணன் சொன்ன 8,260-ஐக் கழிச்சா கையில 4,940.

ஆள் வராததுக்குப் பாதிக் காரணம் மாடிப்படி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல படியேறினா ஊரே பார்க்கும், சொந்தக்காரங்க கேப்பாங்க. அதனாலதான் இங்கிருந்து கோவைக்குப் போய்க் காட்டிக்கறாங்க. பல் ஆஸ்பத்திரி, லேப் இருக்கற கட்டடத்துல ரூம் பிடிங்க. வாடகை கூடுனாலும் பரவால்ல. புக்கிங் பண்ணும்போதே பாதிப் பணம் ஜிபேல வாங்கிருங்க.

நொய்யல்கரை:
ரூம் வாடகையை முதல் ரெண்டு வருஷம் தள்ளிப்போடலாம் அக்கா. சி.பி.எஸ்.இ. பள்ளியில கவுன்சலர் இருந்தே ஆகணும். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூலுக்கும் குறைவில்ல. பகல்ல அங்க, சாயங்காலம் ஆன்லைன்ல நாலு பேருக்குக் கவுன்சலிங். ஆனா பள்ளி வேலையில பரீட்சைக் கண்காணிப்பு, சப்ஸ்டிட்யூஷன் எல்லாம் உங்க தலையில கட்டுவாங்க. வேலை உத்தரவுல கவுன்சலிங் நேரம் இத்தனைன்னு எழுதச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இன்னொண்ணு, சி.ஆர்.ஆர். நம்பர் 5 வருஷத்துக்கொருக்கா புதுப்பிக்கணும், அதுக்குப் பயிற்சி வகுப்புப் புள்ளி 100 சேர்க்கணும். அந்த வகுப்புக்கான பீஸும் பஸ் காசும் செலவுக் கணக்குல ஏறணும்.