அரசு மானியம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்த விதம்: மதுரை வட்டார அனுபவப் பகிர்வுகள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர் வட்டாரம்

பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கும் நிதியைப் பற்றிய பேச்செல்லாம் கோடிக் கணக்கில்தான் நடக்கிறது. அந்தத் தொகை ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் ரொக்கப் பதிவேட்டில் எந்த மாதத்தில் வரவாகிறது, எந்தப் பிள்ளையின் கையில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்பதை அதில் புழங்கியவர்கள் எழுதினால்தான் உண்டு. ஆகவே மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பணிபுரிந்தவர்கள், படித்தவர்கள், பெற்றோர்கள் அனைவரும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுமென்று கேட்டுக்கொண்டு நானே தொடங்குகிறேன்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் இருந்த காலத்தில் ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் கற்பித்தல் உபகரணங்களுக்கென்று மானியம் வந்துகொண்டிருந்தது. தொகை சிறிதுதான், ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல், தம் வகுப்புக்கு என்ன தேவை என்று ஆசிரியரே முடிவுசெய்து வாங்கக்கூடிய பணமாக அது இருந்தது. சார்ட் அட்டை, படமும் எழுத்தும் காட்டும் மின்னட்டைகள், எண்ணிப் பழகும் ஆணிமணிச் சட்டம், ஸ்கெட்ச் பேனா என்று ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளை நினைத்துப் பார்த்து வாங்கி வந்தார்கள். 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பள்ளிகளுக்குத் தனித்தனித் தலைப்புகளில் வந்த தொகைகள் ஒரே பள்ளி மானியமாக ஆக்கப்பட்டன. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் நிதி பகிரப்படும் இத்திட்டத்தில், 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு இலட்சம் என்று பின்னர் வரையறுத்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இந்த வரையறையில் ஓர் இடம் என்னை எப்போதும் உறுத்தியது. எங்கள் பகுதியில் கல்குவாரி வேலை குறைந்த பிறகு பல குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போனால் 31 என்ற எண்ணிக்கை 29 ஆகிவிடும். மானியம் 25,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகிவிடும். கழிப்பறை அதேதான், தண்ணீர்த் தொட்டி அதேதான், பழுதாகும் குழாயும் மின்விசிறியும் அதேதான். வசதி உள்ளவர்கள் வேன் பிடித்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிய பிறகு எஞ்சியிருக்கும் பிள்ளைகள்தான் அந்த ஊரிலேயே மிகவும் இல்லாதவர்கள். அவர்கள் படிக்கும் பள்ளிக்கே மிகக் குறைந்த தொகை வருகிறது என்பதை ஆய்வுக் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். மிகச் சிறிய பள்ளிக்கு எண்ணிக்கையைப் பாராமல் ஒரு அடிப்படைத் தொகை தரப்பட வேண்டும்.

அடுத்தது காலம். பள்ளி திறப்பதோ ஜூன் மாதத்தில். மானியம் பெரும்பாலும் இரு தவணைகளாக, அரையாண்டுத் தேர்வை ஒட்டியும் அதற்குப் பிறகும் வரும். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, விலைப்புள்ளிகள் வாங்கி, பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, மார்ச் 31க்குள் பயன்பாட்டுச் சான்றும் கொடுத்தாக வேண்டும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை சாக்பீஸும் பினாயிலும் எங்கிருந்து வந்தன என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவை தலைமையாசிரியரின் சட்டைப்பையிலிருந்தும், மேலூர் பேருந்து நிலையத்திற்கு எதிரே கடன் கொடுக்கும் ஸ்டேஷனரிக் கடையிலிருந்தும் வந்தவை.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், செல்லம்பட்டி ஒன்றியம்

தலைமையாசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக்கிடந்த காலத்து இழப்பை ஈடுசெய்வதற்காக, 200 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் வீட்டுத் திண்ணையிலும், பிள்ளைகள் கூடியபோது ஊர்ப் பொதுவிடமான மந்தையிலும் நான் வகுப்பு நடத்தினேன்.

எங்கள் பக்கத்து நிலைமை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரத்தில் பல குடும்பங்களில் தாயும் தகப்பனும் முறுக்குக் கம்பெனி வேலைக்கு ஆந்திராவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் போய்விடுவார்கள்; பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளர்வார்கள். வீட்டில் எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர ஆள் இருக்காது. மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு பையன் 'ப'வையும் 'ம'வையும் பிரித்தறியாமல் இருந்தான். கொட்டாங்குச்சியில் மணலை நிரப்பி, விரலால் எழுதச் சொல்லி, அந்த இரண்டு எழுத்தையும் மட்டும் வாரக்கணக்கில் பழக்கினேன். பின்னர் பள்ளியில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பழக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, வகுப்பைப் பாராமல் அவரவர் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தபோது அவன் தொடக்க நிலையான அரும்பில் சேர்க்கப்பட்டான். அவனுக்கு வெட்கம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பிரிவில் அவன் தனியாக இல்லை.

ஆயிரம் ரூபாய் சம்பளமாகாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் எங்களைப் போன்ற பெண்களுக்கு அது ஊருக்குள் ஒரு மதிப்பைத் தந்தது. "டீச்சர்" என்று ஊரார் அழைத்தது அதன் பிறகுதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஆதாரோடு இணைத்த கைப்பேசிக்கு ஓடிபி வரும். அந்தக் கைப்பேசி விஜயவாடாவில் தகப்பனின் சட்டைப்பையில் இருக்கும். அவரோ அடுப்படியில் நிற்பார். இங்கே அப்பத்தா இ-சேவை மையத்தில் பிள்ளையோடு காத்திருப்பார். ஓடிபி சொல்லப்படுவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்குப் பள்ளித் தலைமையாசிரியரின் உறுதிமொழியே போதும் என்று ஒரு வழி செய்தால் எத்தனையோ பேர் பயன்பெறுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த தாய், திருப்பரங்குன்றம்

2022இல் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பூக்கட்டும் தொழிலாளி. முதல் கூட்டத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, எதற்கு எவ்வளவு என்று படித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். தலைமையாசிரியை அம்மா அதற்குக் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார். மானியத்தில் என்ன வாங்கலாம் என்ற பேச்சு வந்தபோது வர்ணம் பூசலாம் என்று பலரும் சொன்னார்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்பதை நாங்கள் தாய்மார்கள் எடுத்துச் சொன்னோம். பெற்ற மகள் சொல்லித்தானே அது எங்களுக்குத் தெரியும்? தாழ்ப்பாள் முதலில் வந்தது. வர்ணம் அடுத்த ஆண்டுக்குப் போனது.

காலை உணவுத் திட்டம் நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது என்பது மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கப் போகும் என் போன்றவர்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போன நாட்கள் அதற்கு முன்பு உண்டு. வேறு எதையும் நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பகுதிநேர ஓவிய ஆசிரியர், வாடிப்பட்டி வட்டாரம்

மானியம் மாணவர்களுக்கு எப்படிச் சேர்கிறது என்று எழுதும்போது, திட்ட நிதியிலிருந்தே ஊதியம் பெறும் ஆசிரியர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி முதலிய பாடங்களுக்காகத் தமிழ்நாடு முழுவதும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டோம். வாரத்தில் மூன்று அரை நாட்கள் பணி. 2021இல் 10,000 ஆகவும், 2024இல் 12,500 ஆகவும் ஊதியம் உயர்ந்தது. மே மாதத்திற்கு ஊதியம் இல்லை என்ற நிலையிலேயே எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம் ஆண்டுதோறும் வந்து நின்றது.

2024-25ஆம் ஆண்டில், தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். ஸ்ரீயின் ஒப்பந்தம் தொடர்பான கருத்து வேறுபாட்டால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் மத்தியப் பங்கு விடுவிக்கப்படாமல் நின்றது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கொள்கை விவாதத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்று அவரவர் கருதிக்கொள்ளலாம். என் கருத்து வேறு இடத்தில் நிற்கிறது: ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, அந்த ஒப்பந்தத்தோடு தொடர்பே இல்லாத மாற்றுத்திறன் மாணவர்களின் சிறப்புப் பயிற்றுநர்களும், இடைநின்ற பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பள்ளியில் சேர்க்கும் களப்பணியாளர்களும், எங்களைப் போன்றவர்களும் ஊதியம் எப்போது வருமென்று காத்திருக்க நேர்ந்தது தவறு. பெரியவர்களின் வழக்குக்காகப் பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டைப் பறிக்கக் கூடாது.

என் வகுப்பில் காது கேளாத மாணவி ஒருத்தி இருந்தாள். மற்ற பாடங்களில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவள், ஓவிய வகுப்பில் முன்னால் வந்து உட்காருவாள். வைகைக் கரை, தென்னந்தோப்பு, நெல் அறுவடை என்று சோழவந்தான் பக்கத்துக் காட்சிகளை அவ்வளவு நுணுக்கமாக வரைவாள். அந்த மூன்று அரை நாட்கள் அவளுக்கு என்னவாக இருந்தன என்பதை எந்தச் செலவினப் பட்டியலும் காட்டாது.

கல்லூரி மாணவி, அலங்காநல்லூர்

மேலே எழுதிய பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. நான் பயனாளியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன், படிப்பறிவு என்று இரு தாள்கள் கொண்ட அத்தேர்வுக்கு எங்கள் கணக்கு ஆசிரியர் மாலை நேரத்தில் தம் சொந்த விருப்பத்தில் பயிற்சி அளித்தார். கேள்வித்தாள்களைத் தம் செலவிலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அந்த உதவித்தொகையை அம்மா தொடாமல் வைத்திருந்ததால்தான் என் தங்கையும் நானும் படிப்பைத் தொடர முடிந்தது. இப்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறேன். பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தால் பேருந்தில் கட்டணமில்லாததால் அது புத்தகத்துக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகிறது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தேசிய உதவித்தொகையை ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். என்னோடு தேர்ச்சி பெற்ற ஒரு தோழி ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளிக்கு மாறினாள். புதிய பள்ளியில் அவள் உதவித்தொகை பெறுபவள் என்பதே யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் புதுப்பிக்க வேண்டுமென்பது தெரியவில்லை. மாற்றுச் சான்றிதழோடு ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் போதும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர் வட்டாரம்

தங்கச்சி சொன்னது மிகவும் முக்கியமானது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பரவை சத்தியமூர்த்தி நகரில் வாழும் காட்டுநாயக்கன் சமூகத்தார் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டுப் போராடியது நாமெல்லாம் அறிந்ததே. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பத்தின் முதல் பக்கமே திறக்காது. ஆகையால் ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் உள்ளனவா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, இல்லாத பிள்ளைகளின் பெயரை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பள்ளியே கடிதமாக அனுப்பும் வழக்கத்தை உங்கள் பள்ளிகளில் தொடங்குங்கள். நெடுநாள் பணம் போடாமல் முடங்கிப்போன கணக்குகளையும் அப்போதே வங்கியில் உயிர்ப்பித்துவிடலாம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பணிபுரிபவர்கள் இன்னும் எழுதவில்லை. அப்பள்ளிகள் வேறு துறைகளின் கீழ் இயங்கியவை என்பதால் நடைமுறையும் வேறாக இருக்கலாம். அவர்களின் அனுபவத்தை அடுத்து எதிர்பார்க்கிறோம்.