பெரியவர்களுக்குக் கைபேசியும் நிரலாக்கமும்: ஒரே வகுப்பில் கற்பிக்கலாமா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தினர், படிப்பை எப்போதோ முடித்த பெரியவர்களுக்குக் கைபேசிப் பயன்பாட்டையும், விரும்புவோருக்கு நிரலாக்கத்தையும் கட்டணமின்றிக் கற்பிக்க எண்ணியுள்ளோம். இரண்டையும் ஒரே வகுப்பில் நடத்தலாமா?

மறுமொழி 1: வேண்டாம் என்பதே என் கருத்து. கைபேசிப் பயன்பாட்டைத் தனியே கற்பிக்கக் கேரளம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே, திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக 2022இல் அறிவிக்கப்பட்ட பின், அம்முயற்சி டிஜி கேரளம் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் விரிந்தது. தன்னார்வலர்கள் வீடுவீடாகக் கணக்கெடுத்து, கற்போர் வரட்டும் என்று காத்திராமல், நூறு நாள் வேலை நடக்கும் இடங்களுக்கே சென்று, காணொலி அழைப்பு, அரசுச் சேவைகள் என அன்றாடம் தேவைப்படுவதைக் கற்பித்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலமே அந்நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. (அறிவிப்புக்குப் பின்னும் பழக்கம் நீடிக்கிறதா என்பதுதான் உண்மையான தேர்வு.)

மறுமொழி 2: நிரலாக்கத்திற்கு, 2014இல் பெர்லினில் தொடங்கிய, ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற பெண்களுக்கான நிரலாக்கப் பயிலரங்கு நல்ல முன்மாதிரி. முன்னனுபவம் இல்லாத பெண்கள், சிறு குழுக்களாக ஒரு வழிகாட்டியுடன் அமர்ந்து, பைத்தான் என்ற நிரல்மொழியைக் கொண்டு தமக்கென ஒரு வலைப்பதிவை உருவாக்குகிறார்கள். அதன் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மறுமொழி 3: எந்த வகுப்பானாலும், கற்பிக்க வந்த தன்னார்வலரிடம்கூட ஓடிபி எண்ணைச் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே கூறிவிடுங்கள்.