"மழை குறைந்துவிட்டது" என்று மக்கள் சொல்லும்போது

மழைமானி எழுதியது:
நீர்வளம் பற்றிய கருத்துக் கணிப்புக்காக வீடு வீடாகச் சென்றபோது நான் அதிகம் கேட்ட விடை, "முன்னைப்போல் மழை இல்லை" என்பதுதான். பதிவேட்டைப் புரட்டினால் ஆண்டு மொத்த மழையில் பெரிய வீழ்ச்சி தெரியவில்லை. எனவே மக்களின் நினைவு பிசகிவிட்டது என்று எங்கள் குழுவில் சிலர் முடிவுகட்டினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதியவர் ஒருவர் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, உட்சுவரில் வெளிறிக் கிடந்த பழைய நீர்மட்டக் கறையைக் காட்டி, "ஒரே இரவில் கொட்டிவிட்டுப் போகிற மழை மண்ணுக்குள் எப்போது இறங்கும்?" என்று கேட்டார். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைக் கொள்ளும் என்பதால், பெய்யும்போது மழை வலுத்துப் பெய்கிறது; பல இடங்களில் இடைப்பட்ட வறண்ட நாள்களும் நீள்கின்றன. வலுத்த மழையில் பெரும்பகுதி நிலத்தடிக்குச் செல்லாமல் வழிந்தோடிவிடுகிறது. தேங்கியதையும் கூடுதல் வெப்பம் ஆவியாக்குகிறது. மொத்த அளவை மட்டும் பார்த்த நாங்கள் தவறவிட்டதை அவர் கிணற்றைப் பார்த்தே கண்டுகொண்டிருந்தார்.

கரைமேடு எழுதியது:
மக்களின் கவனிப்பை மதிக்கிறேன். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. வெள்ளம் வடிந்த சில வாரங்களில் நான் பேசியவர்கள், முந்தைய ஆண்டின் வறட்சியை அநேகமாக மறந்தே போயிருந்தனர். காலநிலையை 30 ஆண்டுச் சராசரியால் அளக்கிறோம். மனிதர்களோ கடைசியாகக் கடந்த பருவத்தை வைத்தே பேசுகிறார்கள் (நானும் அப்படித்தான்).

ஊற்று எழுதியது:
நீங்கள் மக்களிடம் விடை கேட்டீர்கள்; என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. குழாயில் தண்ணீர் வராததற்குக் காரணம் கேட்கச் சென்றபோது, பொறுப்பிலிருந்தவர் "காலநிலை மாற்றம்" என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிட்டார். கசியும் குழாய்களைப் பற்றியோ கட்டுப்பாடின்றி இறங்கும் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றியோ அவர் வாய் திறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2015 முதல் 2017 வரை நீடித்த வறட்சிக்கான வாய்ப்பைப் புவி வெப்பமாதல் ஏறத்தாழ 3 மடங்காக்கியதாக ஆய்வு காட்டியது. ஆனால் 2014-15இல் பிரேசிலின் சாவோ பாலோ பகுதியில் ஏற்பட்ட நீர்த் தட்டுப்பாட்டுக்கோ, மக்கள்தொகைப் பெருக்கமும் உயர்ந்த நீர்ப் பயன்பாடுமே முதன்மைக் காரணங்கள் என்று மற்றோர் ஆய்வு கண்டது. ஒவ்வோர் ஊரிலும் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாதவரை, அந்த விடையை மக்கள் சாக்குப்போக்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மழைமானி எழுதியது:
அடுத்த கணிப்பில் "மழை குறைந்ததா?" என்ற கேள்வியை நீக்கிவிட்டு, "மழை நின்றபின் கிணற்றில் நீர் எத்தனை நாள் நிற்கிறது?" என்று கேட்கவிருக்கிறோம். இவ்வாறு மாற்றிக் கேட்டுப் பார்த்தவர்கள், விடைகள் எப்படி வந்தன என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.