கோடை விழால ரோட்டோரம் போட்டோ கண்காட்சி வெச்சவங்க, பாத்தவங்க: என்ன நடந்துச்சு சொல்லுங்க

கேத்தி_மழை:
ஊட்டில மலர்க்கண்காட்சி சமயம் கார்டன் போற ரோட்டு ஓரமா கம்பு நட்டு மாட்டினோமே, அதுல நான் வெறும் வாலண்டியர்தான், ஒரு படமும் என்னோடது இல்ல. மாட்டணும், மழை வந்தா கழட்டணும், ஐஸ்கிரீம் கையோட தொட வர்ற புள்ளைங்கள நகத்தணும், அவ்ளோதான் வேலை. கூடலூர் பக்கத்து தோட்டத்துலருந்து பூ பாக்க வேன்ல வந்த கூட்டத்துல ஒரு பெரியம்மா மட்டும் அந்த டீ படம் முன்னாடி நின்னுட்டாங்க. எந்த படம்னு சொல்லவே வேணாம், பச்சை சரிவு, சிகப்பு சேலை, முதுகுல கூடை, பளிச்னு சிரிப்பு. சிலோன் தோட்டத் தமிழர்கள்ல பாதிப் பேர இந்தியாவுக்கு அனுப்ப வெச்ச சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்லருந்து சின்ன புள்ளையா கப்பல்ல வந்தவங்களாம், ஆயுசு பூரா கொழுந்துதான். நல்லாருக்காம்மான்னு கேட்டேன். கண்ணை சுருக்கி பாத்துட்டு, "தம்பி, இந்தப் புள்ள கையில இருக்கறது கொழுந்து இல்ல, முத்தின கரட்டு இலை. இதப் போட்டா கணக்குப்பிள்ளை மூஞ்சிலயே வீசுவாரு"ன்னாங்க. அப்புறம் கூடைய காட்டி, "உள்ள ஒண்ணுமே இல்லையே, பாரம் இருந்தா தோளு இப்டி நிக்குமா, இப்ப எவ கையால கிள்ளுறா, எல்லாம் கத்திரிதான்"னு சொல்லிட்டு, "யாரு இது, எந்த டிவிஷன்?"னு கேட்டாங்க. கீழ "நீலகிரியின் புன்னகை"ன்னுதான் எழுதியிருக்கு, நான் என்ன சொல்றது. சாயந்திரம் படம் எடுத்தவர்கிட்ட இத சொன்னேன். "டூரிஸ்ட்டுக்கு இது போதும் ப்ரோ"ன்னுட்டு போயிட்டாரு. அந்த "போதும்" இன்னும் காதுலயே நிக்குது.

ஏழுரோடு:
எங்க கொடைக்கானல் கதை வேற. ஏரிய சுத்தி இருக்கற கம்பில துணில பிரிண்ட் போட்டு கட்டியிருந்தாங்க. வழக்கம்போல பாதி குறிஞ்சி. 2018ல பூத்தது, இனி 2030லதான், அதுவரைக்கும் அதே சரிவு அதே ஊதாவ பாத்துட்டே இருக்கணும் போல. மதியத்துக்கு மேல ஏரிக்காத்து கிளம்புச்சு, துணி எல்லாம் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, சவாரிக்கு வந்த குதிரை ஒண்ணு மிரண்டு ரெண்டு கால்ல எந்திரிச்சிருச்சு, மேல திருப்பூர்காரங்க வீட்டுப் பாப்பா, அழுகை, கத்தல், அவங்கப்பா ஒருபக்கம் சண்டைக்கு வர்றாரு. குதிரைக்காரங்க எல்லாம் சேந்து "அவுத்துப் போடுறியா நாங்க அவுக்கவா"ன்னு நிக்கறாங்க. அதுல ஒரு அண்ணன் மட்டும் ஒண்ணும் பேசாம தன் குதிரைய மெதுவா கூட்டிட்டு வந்து துணி முன்னாடி நிறுத்தி, ஒரு ஓரத்த கையில புடிச்சு அதோட மூக்குல வெச்சாரு. அது மோந்துச்சு, ஒரு தும்மல் போட்டுச்சு, அப்டியே நின்னுச்சு. அதே மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் கூட்டிட்டு போனாரு. மொத்த கண்காட்சியவும் ஒழுங்கா முழுசா பாத்தது அந்த குதிரை மட்டும்தான்னு நினைக்கறேன், சத்தியமா.

பிரிண்ட்காரன்_குன்னூர்:
ஏழுரோடு, குதிரை மேல தப்பு இல்ல, துணிய மேல மட்டும் கட்டி விட்டா கொடி மாதிரி ஆடத்தான் செய்யும். மேலயும் கீழயும் ரீப்பர் கட்டை சொருகி நாலு மூலையும் இழுத்துக் கட்டணும். இது தெரியாம ஒவ்வொரு வருஷமும் செய்யறாங்க. யாரும் கேக்கலன்னாலும் சொல்லிடறேன். மலைல ஃபிளெக்ஸ் பேச்சே எடுக்காதீங்க, புடுங்கி ஃபைன் போடுவாங்க. பட்ஜெட் இருந்தா ஏசிபி ஷீட்ல, அதான் அலுமினியத் தகடு ஒட்டின பலகைல, நேரா பிரிண்ட், இல்லன்னா காட்டன் கேன்வாஸ். இங்க் பிக்மெண்ட்டான்னு கேட்டு வாங்குங்க, டை இங்க்ல போட்டது ஒரு மழைக்கே ஒழுகும், வெயில்லயும் நிக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குளிருதேன்னு நினைப்போம் ஆனா அல்ட்ரா வயலட் கீழ சமவெளிய விட ஜாஸ்தி, சிகப்பும் மஞ்சளும் முதல்ல போயி எல்லார் மூஞ்சியும் நீலமாயிடும். லேமினேஷன் மேட்தான், கிளாஸி போட்டா படத்துல வானமும் பாக்கறவன் தலையும்தான் தெரியும். பிரிண்ட் ஓரத்தோட ஓரமா லேமினேஷன வெட்டாதீங்க, அரை இஞ்ச் வெளிய விட்டு ஒட்டுங்க, இல்லன்னா மஞ்சு, அதான் பனிமூட்டம், அந்த வெட்டு வழியா உள்ள போய் கொப்புளம் கொப்புளமா எழும்பும். மே மாசம் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான், அதனால ஓப்பனிங்க காலைலயே வெச்சு முடிங்க, கலெக்டர் சாயந்திரம்தான் வருவார்னு உக்காந்திருக்காதீங்க. மரத்துல ஆணி அடிச்சா தோட்டக்கலைத் துறை அடுத்த வருஷம் உள்ளயே விடாது. படத்தோட நடு மட்டம் அஞ்சடிக்கு கீழ இருக்கட்டும், பாட்டிங்களும் புள்ளைங்களும்தான் நின்னு பாக்கறாங்க. கேப்ஷன் பெருசா, தமிழ்ல. என் அனுபவம்னா சிம்ஸ் பார்க் பழக்கண்காட்சிதான், நான் மாட்டின படத்துல ஒரு குரங்கு உக்காந்து பொறுமையா லேமினேஷன உரிச்சுது, பக்கத்துல பலாப்பழம் குவிச்சு வெச்சிருக்கு, அத திரும்பிக்கூட பாக்கல.

ஹட்டிப்பொண்ணு:
பிரிண்ட் அண்ணா, கேப்ஷன பெருசா போடுங்கன்றீங்க, தப்பா எழுதினா தப்பும் பெருசாத்தான தெரியும்? கோத்தகிரில காய்கறிக் கண்காட்சி நேரத்துல ரோட்டு ஓரம் வெச்சிருந்தாங்க. அதுல எங்க பாட்டி. சொந்தப் பாட்டி, எங்க ஹட்டி, அதான் எங்க படகர் ஊரு, திண்ணைல உக்காந்திருக்காங்க, வெள்ளை முண்டு, தலைல வெள்ளைத்துணி. கீழ அரையடி எழுத்துல "தோடர் மூதாட்டி". நாங்க படகர். தோடர்னா சிகப்பும் கறுப்புமா பூ வேலை செஞ்ச பூத்துக்குளி போத்தியிருப்பாங்க, அதுக்கு 2013லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, நெட்டுல ஒரு தடவை தேடினா வந்துடும். ஊட்டில ஸ்டூடியோ வெச்சிருந்த பென்னுங்கற (Penn) போட்டோகிராபர் மாதிரி வெள்ளைக்காரங்க 19ஆம் நூற்றாண்டுல எடுத்த படத்துல பேரு இல்லன்னா சரி அந்தக் காலம்னு விடலாம், இது செல்ஃபி காலம். அங்க இருந்த பையன்கிட்ட சொன்னா, "ஃபைல் கோயம்புத்தூர்லருந்து வந்துச்சு மேடம், நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்றான். ஹேண்ட்பேக்ல ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்துச்சு. முழு அட்டையையும் உரிச்சு "தோடர்" மேல வரிசையா ஒட்டினேன். சுத்தி நின்னவங்க ஏதோ ஆர்ட்டுன்னு நினைச்சு அத போட்டோ எடுத்தாங்க. பாட்டிகிட்ட வந்து சொன்னேன், அவங்க கேட்டது ஒண்ணுதான், "அந்தப் பையன் படம் தரேன்னு சொல்லிட்டு போனானே, குடுத்தானா?"

ஏழுரோடு:
@ஹட்டிப்பொண்ணு கோவம் நியாயம்தான், ஆனா எல்லா போட்டோகிராபரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க, எங்க ஊர்ல ஒருத்தர் வீடு வீடா போய் பிரிண்ட் குடுத்துட்டுதான் மாட்டினாரு.

ஹட்டிப்பொண்ணு:
எல்லாரையும்னு நான் எங்க சொன்னேன்? மறுபடி படிங்க.

அருவங்காடு_டு_அடையாறு:
சண்டைய விடுங்க. கேத்தி, அந்த "டூரிஸ்ட்டுக்கு போதும்" ஆளு டூரிஸ்ட்டதான் பாக்கறாங்கன்னு நினைக்கறாரே, அதுவே தப்பு. 2016ல சென்னை போட்டோ பினாலேன்னு பெரிய போட்டோ விழா ஆரம்பிச்சப்ப பறக்கும் ரயில் ஸ்டேஷன்லயும் படம் வெச்சாங்க, அங்க ரயில் வர்ற வரைக்கும் சனம் சும்மா நிக்கும், வேற வழியில்லாம பாக்கும், கொஞ்ச நேரத்துல நெஜமாவே பாக்க ஆரம்பிச்சிடும். நம்ம ஊருக்கு சீசன்ல வர்றவனுக்கு எங்க நேரம், இ-பாஸ் எடுத்து, மேட்டுப்பாளையத்துலருந்து ஊர்ந்து வந்து, பூங்கா, போட் ஹவுஸ், தொட்டபெட்டா, வர்க்கி, கிளம்பு. உக்காந்திருக்கறது யாருன்னா டிரைவருங்க. சேரிங் கிராஸ் பக்கம் மாட்டியிருந்தப்ப ஒரு டெம்போ டிராவலர் டிரைவர், நம்ம மசினகுடிக்காரர், பல்லுல குச்சியோட ஒவ்வொரு படமா நின்னு இடம் சொல்லிட்டே வந்தாரு. "இது கல்லட்டி, முப்பத்தாறு வளைவுல இது மேலருந்து ரெண்டாவது, இது லவ்டேல் ஸ்டேஷன் பின்பக்கம்." ஒரு படத்துல மட்டும் நின்னாரு. கீழ "அவலாஞ்சி விடியல்"னு போட்டிருந்துச்சு. "விடியல் இல்ல சார், சாயந்திரம். வெயில் இந்தப் பக்கம் காலைல விழாது"ன்னாரு. அப்புறம் தயங்கித் தயங்கி ஃபோனை எடுத்து அவர் எடுத்தத காட்டினாரு, பார்ட்டிக்காக காத்துட்டு இருக்கற நேரத்துல வண்டி கண்ணாடி வழியா எடுத்ததாம், வைப்பர் தொடச்ச அரைவட்டத்துக்குள்ள மட்டும் மலை தெரியுது, சுத்தி பூரா மஞ்சு. அங்க மாட்டியிருந்த எதுவும் பக்கத்துல நிக்க முடியாது. "இத இந்த சைஸ்ல மாட்ட எவ்ளோ ஆகும் சார்"னு கேட்டாரு, எனக்குத் தெரியல, அதுக்குள்ள பார்ட்டி வந்துருச்சு, கிளம்பிட்டாரு.

பிரிண்ட்காரன்_குன்னூர்:
அது எந்த பேப்பர்னு பொறுத்து. ஆனா அவர பாத்தா போன்ல இருக்கற ஒரிஜினலதான் வாங்கணும், வாட்ஸாப்ல சாதா போட்டோவா அனுப்பச் சொல்லாதீங்க. அந்த ஃபைல வெச்சு மூணடி போட்டா கட்டம் கட்டமாதான் வரும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க.